சாரலுக்கு வந்த கரடி

இதை எழுதலாமா வேண்டாமா என்று ரொம்ப நாள் யோசித்தேன். அடுத்தவர் தப்பை எழுதுவது சுலபம். இதில் தப்பு என்னுடையது.

தென்காசியில் குடியிருப்பவர்களுக்கு ஆனியும் ஆடியும் விருந்து மாதங்கள். "குற்றாலத்தில் தண்ணி விழுதா?" என்று போன் வரும். "விழுது" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும், வெள்ளிக்கிழமை ராத்திரி பொதிகை எக்ஸ்பிரஸில் ஏறி சனிக்கிழமை காலையில் வாசலில் வந்து நிற்பார்கள். கல்யாணமாகி வந்த இந்த இருபத்திரண்டு வருஷத்தில் சாரல் சமயத்தில் எத்தனை படி அரிசிக்கு மாவு ஆட்டியிருப்பேன் என்று கணக்குப் பார்த்தால் எனக்கே மலைப்பாக இருக்கும். சலிப்பாகச் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். வீடு நிறைய ஆட்கள் இருப்பது எனக்குப் பிடிக்கும்.

2023-ஆம் வருஷச் சாரலுக்கு என் கொழுந்தனார் குடும்பம் சென்னையிலிருந்து வந்தபோது, அவர்களோடு ஒரு நீலக் கலர் கூடாரமும் வந்து இறங்கியது. ஆறு பேர் படுக்கலாமாம். எட்டாவது படிக்கும் அவர் மகன்தான் அதை ஆர்டர் செய்ய வைத்தவன். "பெரியம்மா, இந்தத் தடவை வீட்டுல படுக்க மாட்டோம். மலையில கூடாரம் போட்டுத்தான் படுப்போம்" என்றான். அவன் காட்டிய படங்களில் எல்லாம் ஓடைக்கரையில் கூடாரம், பக்கத்தில் தீ மூட்டம், கையில் காப்பிக் கோப்பை. அந்தப் படங்களில் மிச்சச் சாப்பாட்டை யார் எங்கே கொண்டுபோய்க் கொட்டினார்கள் என்பது மட்டும் இருக்காது!

குற்றாலத்தில் மலைமேல் கூடாரம் போட வழியில்லை. தேனருவி, செண்பகாதேவி எல்லாம் வனத்துறையின் கட்டுப்பாட்டில் இருக்கின்றன, அனுமதியில்லாமல் ஏறக்கூடாது. நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது சித்ரா பௌர்ணமிக்குச் செண்பகாதேவி அம்மன் கோயிலுக்குப் புளியோதரை கட்டிக்கொண்டு நடந்து போவோம். சாப்பிட்ட இலையை அங்கேயே ஆற்றோரம் வீசிவிட்டு வருவோம். யாரும் ஒன்றும் சொன்னதில்லை. எங்களுக்கும் ஒன்றும் தோன்றியதில்லை.

பிள்ளைகள் முகம் வாடிவிட்டது. அதைப் பார்த்து என்னவர் ஒரு வழி சொன்னார். அவருடைய பெரியப்பா மகனுக்கு ஆயிரப்பேரிப் பக்கம் மலையடிவாரத்தில் ஒரு தோப்பு உண்டு. மாவும் தென்னையும், மேற்கு வேலியோரமாக நாலு பலாவும். பட்டா நிலம், யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். வேலிக்கு அந்தப்புறம் காடு. ஒரு ராத்திரி அங்கே தங்கலாம் என்று முடிவாயிற்று.

அந்தத் தோப்புக்கு ஒரு காவல்காரர் உண்டு. எழுபதை நெருங்கும் மனிதர். நான் அவரை அண்ணாச்சி என்பேன், பிள்ளைகள் தாத்தா என்பார்கள். கீழே கூப்பிடு தூரத்தில் ஓட்டுச் சாய்ப்பு வீட்டில் அவரும் அவர் வீட்டு ஆச்சியும் மட்டும். கூடாரத்தைக் கண்டதும் அவர் சிரிக்கவில்லை. பலாமரத்தடியில் விரிக்கப் போன பையனைத் தடுத்து, மோட்டார் ரூமுக்கு முன்னால் இருக்கும் சிமெண்டுக் களத்தில் போடச் சொன்னார். ராத்திரி ஒதுங்க வேண்டுமானால் தனியாகப் போகாமல் தன்னைக் கூப்பிடச் சொன்னார். அப்புறம் ஆண்களையெல்லாம் விட்டுவிட்டு என்னைப் பார்த்துச் சொன்னார்:

"யம்மா, சாப்பாட்டு விஷயம் ஒங்க கையில இருக்கு. மிச்சம் மீதி, இலை, பலாத்தோலு எதுவும் மேல கிடக்கக் கூடாது. இருட்டுறதுக்கு முன்ன எங்க வீட்டுக்குக் கொண்டாந்துருங்க. மாடு திங்கும். கரடி நடமாட்டம் இருக்கு, சொல்லிட்டேன்."

தெரியாத ஊர்க்காரியாக இருந்தால் கரடியா என்று வாயைப் பிளந்திருப்பேன். எனக்குத் தெரியும். அதற்கு எட்டு மாதம் முன்புதான், 2022 நவம்பர் 6-ஆம் தேதி, எங்கள் மாவட்டத்திலேயே கடையம் பக்கம் கருத்தலிங்கபுரத்தில் பட்டப்பகலில் ஒரு கரடி வியாபாரி ஒருவர் மேல் பாய்ந்து முகத்தைக் குதறியது. காப்பாற்றப் போன இரண்டு பேரையும் விடவில்லை. அந்தக் காட்சி எல்லார் போனிலும் சுற்றியது. நான் பாதிக்கு மேல் பார்க்க முடியாமல் போனைக் கவிழ்த்து வைத்தேன். மயக்க ஊசி போட்டுப் பிடித்துக் காட்டுக்குள் கொண்டுபோய் விட்ட அந்தக் கரடியும் பிழைக்கவில்லை, செத்துப்போனது. இவ்வளவும் தெரிந்தவள்தான் நான். "சரி அண்ணாச்சி" என்று தலையையும் ஆட்டினேன்.

அன்றைய சமையலைப் பற்றிச் சொல்லாவிட்டால் கதை புரியாது. வீட்டிலிருந்து புளியோதரை, தயிர்சாதம், எள்ளுத் துவையல் கொண்டு போயிருந்தேன். போன இடத்தில் ஆச்சி வீட்டுப் பசும்பாலில் பிள்ளைகளுக்காகச் சர்க்கரைப் பொங்கல் வைத்தேன். அச்சுவெல்லம், நெய், ஏலக்காய் எல்லாம் தாராளம். அதோடு மரத்திலேயே பழுத்த பலா ஒன்றை இறக்கி வெட்டினோம். மத்தியானத்திலிருந்து ராத்திரி வரை வாய் ஓயவில்லை. எட்டு பேர் தின்றும் பொங்கல் மிஞ்சிப் போயிற்று.

அந்தி சாயும்போது சாரல் பிடித்துக்கொண்டது. பலாப்பால் ஒட்டிய கை, புகை குடித்த கண், காலையிலிருந்து நின்ற கால். என் ஓரகத்தி பாவம், சின்னவளுக்குச் சளி என்று கூடாரத்தை விட்டு வரவில்லை. ஆண்கள் இரண்டு பேரும் மோட்டார் ரூமுக்குள் கட்டிலைப் போட்டுப் பழங்கதை பேசிக்கொண்டிருந்தார்கள். இலை, பலாத்தோல், சக்கை, மிஞ்சிய பொங்கல் எல்லாவற்றையும் ஒரு சாக்கில் திணித்தேன். கீழே கொண்டுபோக வேண்டும். பாதை வழுக்கும். குடை இல்லை. காலையில் கொண்டுபோனால் என்ன என்று தோன்றியது. மோட்டார் ரூமுக்குப் பின்னால் தாழ்வாரத்தில், மழை படாத இடமாகப் பார்த்துச் சாக்கை வைத்துவிட்டு வந்து படுத்தேன்.

நம் வீட்டில் சாமான் தேய்க்காமல் போட்டுவிட்டுப் படுத்தால் என்ன ஆகும்? காலையில் கரப்பான் ஓடும், எறும்பு மொய்க்கும். அந்தக் கணக்கில்தான் இதையும் செய்தேன். யாராவது கேட்டிருந்தால், "வாரியில வீசலியே, சாக்குல கட்டித்தானே வச்சேன்" என்றுகூடச் சொல்லியிருப்பேன்.

இரண்டரை மணி இருக்கும். கீழே நாய் விடாமல் குரைத்தது. அதற்கு நடுவில் வேறொரு சத்தம். தண்ணீர் தீர்ந்த பம்பு காற்றை இழுக்கிற மாதிரி, 'புஸ்... உர்ர்...' என்று. முதலில் என்னவர் குறட்டை என்றுதான் நினைத்தேன். (சிரிக்காதீர்கள், அவர் குறட்டை அப்படித்தான் இருக்கும்.) கூடாரத்தின் வலை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். மோட்டார் ரூம் மூலையில் ஒரு குண்டு பல்பு எரிந்துகொண்டிருந்தது. அந்த வெளிச்சத்துக்குள், என் சாக்கை இழுத்துக்கொண்டு, கறுப்பாகச் சடை சடையாக ஒன்று பின்பக்கமாகவே நடந்து வந்தது. உட்கார்ந்தது. சாக்கைக் கிழித்தது. என் சர்க்கரைப் பொங்கலை உறிஞ்சியது.

முப்பதடி கூட இருக்காது. கூடாரத்துக்குள் நாங்கள் இரண்டு பெண்கள், நாலு பிள்ளைகள். நடுவில் இருந்தது ஒரு சீலைத் துணி.

சின்னவள் முழித்துவிட்டாள். அவள் வாயைப் பொத்தினேன். அப்போதுதான் அவள் தலைமாட்டில் கிடந்த கடலை மிட்டாய்ப் பாக்கெட்டைப் பார்த்தேன். ராத்திரி பசித்தால் தின்னட்டும் என்று நானே கொடுத்தது. அதை எடுத்து என் முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டேன். அதனால் என்ன பிரயோஜனம் என்று கேட்காதீர்கள். அந்த நேரத்தில் புத்தி அவ்வளவுதான் வேலை செய்தது.

அடுத்தாற்போல் வாய்க்கால் ஓரத்துப் பாதையில் டார்ச் வெளிச்சம் ஆடி ஆடி மேலே வருவது தெரிந்தது. நாய்ச் சத்தம் கேட்டு அண்ணாச்சி வருகிறார். பன்றி வந்திருக்கிறது என்று நினைத்திருப்பார். அந்தப் பாதை நேராக மோட்டார் ரூமின் பின்பக்கம் வந்து ஏறும். அவருக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். "அண்ணாச்சி, வராதீங்க!" என்று நான் ஒரு குரல் கொடுத்திருக்கலாம். பத்து எண்ணுகிற நேரம் இருந்தது. கொடுக்கவில்லை. சத்தம் போட்டால் அது கூடாரத்துப் பக்கம் திரும்பிவிடும் என்று பயந்தேன். இதை எழுதும்போதும் கை நடுங்குகிறது.

அவர் மூலை திரும்பியதும் இரண்டும் முகத்துக்கு முகம் பார்த்தன. கரடி பின்னங்காலில் எழுந்து நின்றது. நெஞ்சில் வெள்ளையாக வளைவு ஒன்று தெரிந்தது. அது போட்ட கத்தலை எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. டார்ச் கீழே விழுந்து உருண்டது. நாய் பாய்ந்தது. அண்ணாச்சி வாய்க்காலுக்குள் மல்லாக்க விழுந்தார். அது அவர் மேலேயே ஏறி, வேலியைக் கிழித்துக்கொண்டு மலைக்குள் போய்விட்டது. எல்லாம் ஒரு நிமிஷம்கூட இல்லை. அதற்கப்புறம்தான் என்னவரும் கொழுந்தனாரும் கதவைத் திறந்தார்கள்.

வலது மணிக்கட்டு முறிந்திருந்தது. இடது தோளில் நகம் கிழித்த கோடு நாலு, ஆழமாக. முகம் தப்பியது வாய்க்கால் செய்த உதவி. ஆச்சி அழவில்லை. குழாயைத் திறந்துவிட்டுச் சோப்புப் போட்டு அந்தக் காயத்தைக் கழுவிக்கொண்டே இருந்தார். மஞ்சள் பத்துப் போடலாம் என்று ஓடிய என்னை வேண்டாம் என்று தடுத்தார். அது எவ்வளவு சரி என்று ஆஸ்பத்திரியில் டாக்டர் சொல்லித்தான் தெரிந்தது. காட்டு மிருகமானாலும் நாயானாலும், கடித்தாலோ கீறினாலோ ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிஷம் கழுவ வேண்டுமாம். மஞ்சள், சுண்ணாம்பு, காப்பித்தூள் எதையும் அப்பக் கூடாது. ரேபீஸ் தடுப்பூசி, டெட்டனஸ் ஊசி இரண்டும் கட்டாயம். அண்ணாச்சிக்கு இரண்டும் போட்டு, மணிக்கட்டுக்கு மாவுக்கட்டும் போட்டு அனுப்பினார்கள்.

காலை பத்து மணிக்கு வனத்துறையிலிருந்து ஒரு வனக்காப்பாளர் வந்தார். சின்ன வயதுதான், நல்ல பொறுமைசாலி. ஈரமண்ணில் தடம் பார்த்தார். பெரிய தடத்துக்குப் பக்கத்திலேயே சின்னத் தடமும் இருந்தது. குட்டியோடு வந்த தாய்! தாய்க்கரடி குட்டியை முதுகில் ஏற்றிக்கொண்டு திரியுமாம். பெரும்பாலும் ஒன்று அல்லது இரண்டு குட்டி. ஆறேழு மாதம் ஆகும்வரை முதுகுதான் தொட்டில். எனக்கு வயிற்றை என்னவோ செய்தது.

அப்புறம் அவர் கிழிந்த சாக்கைக் காலால் புரட்டிக்கொண்டே, "இதை யார் இங்க வச்சது?" என்று கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள், மாவுக்கட்டுக் கையோடு திண்ணையில் உட்கார்ந்திருந்த அண்ணாச்சி, "நாந்தாய்யா. மரத்துல பழுத்து விழுந்தத பொறுக்கிப் போட்டு வச்சேன். கீழ கொண்டுபோக மறந்துட்டேன்" என்றார்.

"இத்தனை வருஷம் காவல் இருக்கீரு, இதுகூடத் தெரியாதா? குடும்பம் குழந்தையோட வந்து தங்கியிருக்காங்க" என்று அந்தப் பிள்ளை எல்லார் முன்னாலும் அவரைக் கடிந்துகொண்டது. அண்ணாச்சி தலையைக் குனிந்துகொண்டார். ஆச்சி என்னை ஒரு பார்வை பார்த்தார். நான் பாத்திரங்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். திறக்க வந்த வாய் மூடிக்கொண்டது. அன்று சாயந்திரம் எல்லாரும் தென்காசி வந்து சேர்ந்தோம். விருந்தாளிகள் ஊருக்குக் கிளம்பினார்கள். ரயிலடியில் கொழுந்தனார் மகன், "தாத்தா ஏன் பெரியம்மா அப்படிப் பண்ணாங்க, பாவம்ல அந்தக் கரடி" என்றான்.

எட்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. ஒன்பதாம் நாள் ராத்திரி என்னவரிடம் சொன்னேன். அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. ரொம்ப நேரம் கழித்து, "காலையில போவோம்" என்றார், அவ்வளவுதான்.

போனோம். ஆச்சி மோட்டார் ரூம் பக்கமிருந்து இறங்கி வந்துகொண்டிருந்தார், ஒரு கையில் தகர டப்பா, ஒரு கையில் கம்பு. விவசாயத்துக்கு வரும் மும்முனைக் கரண்ட் அந்த வாரம் விடியக்காலம்தான். இருட்டோடு போய் மோட்டார் போட வேண்டும். அண்ணாச்சிக்குக் கை முடியாததால் ஆச்சி போகிறார். "மூணு தடவ வந்துட்டு" என்றார் ஆச்சி. கரடியைத்தான். அதே தாழ்வாரத்தில் வந்து மண்ணைப் பறித்துப் பறித்து நக்கிவிட்டுப் போகிறதாம்.

நான் திண்ணையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன், குரல் கொடுக்காமல் இருந்ததையும் சேர்த்து. அண்ணாச்சி, "அதுக்கென்ன, விடுங்க யம்மா, விருந்தாளிய பேரைச் சொல்லிட்டு மொதலாளி மூஞ்சில நான் எப்படி முழிக்க?" என்றார். ஆச்சி விடவில்லை. "அது எங்க வீட்டுச் சாக்கு இல்லன்னு அன்னைக்கே எனக்குத் தெரியும். நீ சொல்லுவேன்னு பாத்துக்கிட்டே இருந்தேன் தாயி" என்றார். அதற்கு நான் என்ன பதில் சொல்ல முடியும்?

அங்கிருந்தே வனக்காப்பாளருக்குப் போன் போட்டு என்னவர் விஷயத்தைச் சொன்னார். அவர் வந்தார். என்னைத் திட்டவில்லை. "அன்னைக்கே சொல்லியிருக்கலாமேம்மா. மரத்துப் பழம்னு நினைச்சு நான் பலாவை மட்டும் இறக்கச் சொல்லிட்டுப் போயிட்டேன். வெல்லமும் நெய்யும் மண்ணுல ஊறியிருக்குன்னா கதை வேற" என்றார். உட்கார்ந்து அவர் சொன்னதையெல்லாம் அப்படியே மனசில் வாங்கிக்கொண்டேன்.

கரடிக்குக் கண் அவ்வளவு கூர்மையில்லை. மூக்குத்தான் எல்லாம். கறையானும் எறும்பும் தேனும் பழமும் அதற்குப் பிரதான ஆகாரம். மேல்வரிசையில் முன்பல் இரண்டு கிடையாது, அந்த இடைவெளி வழியாகப் புற்றுக்குள்ளிருந்து கறையானை உறிஞ்சும். நான் கேட்ட பம்புச் சத்தம் அதுதான்! ஒரு புற்றை உடைத்து வயிறு நிறைய அது எவ்வளவு பாடுபட வேண்டும்? அப்படிப்பட்டதற்கு ஒரு சாக்கு நிறைய வெல்லமும் பலாச்சுளையும் கிடைத்தால் அந்த இடத்தை மறக்குமா? குட்டியும் கூடவே பார்த்துப் பழகும். கோழிக்கறி எலும்பு போட்டிருந்தால் அதற்கு ஊர்நாய் வரும், நாயைத் தேடிச் சிறுத்தை வரும் என்றார். குற்றாலத்தில் அருவிக்கரைக் குரங்குகளைப் பார்த்திருப்பீர்களே, கையில் பை வைத்திருக்கிற பெண்களாகப் பார்த்துத்தான் பிடுங்கும். அவற்றுக்கு அந்தப் படிப்பைச் சொல்லிக்கொடுத்தது பொரி, பழம் என்று போட்டுப் பழக்கிய நாம்தானே.

நம்மூர்க் கரடி மனிதனைத் தின்ன வருவதில்லை. எதிர்பாராமல் பக்கத்தில் பார்த்துவிட்டால் பயத்தில் பாயும், முகத்தையும் தலையையும்தான் தாக்கும். அதனால் அந்தப் பக்கம் நடக்கிறவர்கள் விடியுமுன்னும் அந்திக்குப் பின்னும் தனியாகப் போகக்கூடாது. போகத்தான் வேண்டுமென்றால் வெளிச்சத்தோடு, நாலு பேராக, பேசிக்கொண்டோ தகரம் தட்டிக்கொண்டோ போக வேண்டும். வருவது தெரிந்தால் அது தானே விலகும். தூரத்தில் பார்த்தால் ஓடாமல், முதுகைக் காட்டாமல் மெல்லப் பின்வாங்க வேண்டும். நம்மைவிட அது வேகமாக ஓடும், மரமும் ஏறும். மேலே விழுந்தேவிட்டால் குப்புறப் படுத்து, முகத்தைத் தரையில் புதைத்து, இரண்டு கையையும் பிடரியில் கோத்து மூடிக்கொள்ள வேண்டும். குட்டி தனியாகத் தெரிந்தால் போட்டோ எடுக்கப் போகவே கூடாது. தாய் பக்கத்தில் இருக்கும்.

"இது தோப்புக்குள்ளயே வந்து பழகிடுச்சுன்னா அப்புறம் கூண்டு, மயக்க ஊசின்னு போகணும். கடையத்துக் கரடி கதை தெரியும்ல" என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொண்டார்.

அமெரிக்காவில் இருக்கும் என் நாத்தனார் மகளிடம் இதைச் சொன்னபோது, அங்கேயும் இதே பாடுதான் என்றாள். யோசமிட்டி என்று ஒரு பெரிய தேசியப் பூங்கா. அங்கே கூடாரம் போடுகிற இடங்களில் இரும்புப் பெட்டி வைத்திருக்கிறார்களாம். சாப்பாடு மட்டுமில்லை, பற்பசை, சோப்பு, முகப்பவுடர் என்று மணக்கிற எதுவானாலும் பெட்டிக்குள் பூட்ட வேண்டும். ராத்திரி காருக்குள் சாப்பாடு வைத்தால் கரடி கதவையே வளைத்துவிடும். யெல்லோஸ்டோன் என்ற பூங்காவில் ஒரு காலத்தில் குப்பைமேட்டில் கரடி தின்பதைப் படிக்கட்டு கட்டி உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார்களாம். 1970 வாக்கில் அந்தக் குப்பைமேடுகளை மூடிய பிறகு, அதிலேயே பழகிய கரடிகள் கூடாரங்களைத் தேடி வர ஆரம்பிக்க, பலவற்றைக் கொல்ல வேண்டியதாயிற்று. "அத்தை, சாப்பாட்டைச் சரியா வைக்கலன்னா இங்க அபராதமே உண்டு" என்றாள். எனக்கு யாரும் அபராதம் போடவில்லை.

அன்றைக்கே தாழ்வாரத்து மண்ணை ஒரு முழத்துக்கு வெட்டி எடுத்து வண்டியில் ஏற்றி அப்புறப்படுத்தினோம். என்னவரும் நானும்தான் வெட்டினோம். சுண்ணாம்புத் தூள் போட்டோம். இறக்காமல் மிச்சமிருந்த பலாக்களையும் இறக்கியாயிற்று. பெரியப்பா மகன் வீட்டுக்குப் போய் அந்த அத்தானிடம் உள்ளதைச் சொன்னோம். மோட்டாரை வீட்டிலிருந்தே போட போன் மூலம் வேலை செய்யும் ஸ்டார்ட்டர் ஒன்று இருக்கிறது, அதை எங்கள் செலவில் வாங்கி மாட்டினோம். வனத்துறை ஆட்கள் நாலைந்து ராத்திரி வந்து வெடி போட்டார்கள். அதற்கப்புறமும் இரண்டு தடவை வந்துவிட்டுத்தான் நின்றது. ஆடி முடிகிறவரை ஒவ்வொரு நாளும் காலையில் ஆச்சிக்குப் போன் போட்டு, "வந்துச்சா?" என்று கேட்பேன். "இல்ல தாயி" என்று கேட்ட பிறகுதான் அடுப்பே பற்ற வைப்பேன்.

கொழுந்தனார் மகனுக்கும் போனில் சொன்னேன், "தாத்தா வைக்கலடா, நான்தான் வச்சேன்" என்று. கொஞ்ச நேரம் பேச்சில்லை. "சரி பெரியம்மா" என்றான்.

போன வருஷம் அவன் மறுபடியும் மலை மலை என்றான். 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு ஆரம்பித்த மலையேற்றத் திட்டத்தில் நம் செண்பகாதேவி வழியும் இருக்கிறது, வழிகாட்டியோடு போகலாம் என்று எங்கேயோ படித்திருக்கிறான். அதில் முறைப்படி பதிவு செய்து போகட்டும், எனக்கு ஆட்சேபணை இல்லை. கூடாரம் எங்கள் வீட்டுப் பரணில் இருக்கிறது. மொட்டைமாடியில் போட்டுப் படுத்துக்கொள்கிறார்கள்.

இப்போது எங்கே கட்டுச்சோறு கொண்டுபோனாலும் மூடி போட்ட பிளாஸ்டிக் வாளி ஒன்று என்னோடு வரும். இலை, தோல், எலும்பு எல்லாம் அதில் போட்டு வீட்டுக்குத் திரும்பக் கொண்டுவந்துவிடுவேன். காரில் நாற்றம் தாங்கவில்லை என்று என்னவர் புலம்புவார். ஜன்னலை இறக்கிவிட்டுக்கொள்ளச் சொல்வேன்.

அண்ணாச்சியின் மணிக்கட்டு முழுசாகத் திரும்புவதில்லை. சொம்பைத் தூக்கினால் கொஞ்சம் சாயும். பலாவை இப்போது பழுக்க விடுவதில்லை, காயாகவே இறக்கிவிடுகிறார்கள். இந்தச் சாரலுக்குப் போனபோது ஆச்சி இரண்டு பிஞ்சைச் சாக்கில் கட்டிக் கொடுத்தார். "கையில நல்லா எண்ணெயத் தடவிக்கிட்டு நறுக்கு. மஞ்சப்பொடியும் உப்பும் போட்டு வேக வச்சு, தேங்காயும் சீரகமும் அரைச்சுப் போட்டு இறக்கு" என்றார். பிறகு, "சாக்கைத் திருப்பிக் கொண்டாந்துரு தாயி" என்று சொல்லிச் சிரித்தார்.